கித்தேரியின் பாகம்

கடலுக்கு அடியில் எழுநூற்றுப் பத்துப் பாக ஆழத்திலிருந்து கயிற்றுக்காரர் தெருவின் படம் வந்து சேர்ந்த அன்று, தூத்துக்குடியில் முதலில் கோபப்பட்டவர் லில்லி ஸ்டூடியோ மாசிலாமணிதான். இருட்டறையிலிருந்து ஈரப்படத்தைத் தொங்கவிட்டபடி வெளியே வந்தவர், அந்தத் தெருவை இடித்துப் பஞ்சுக் கிட்டங்கி கட்டி இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது என்பதைப் பற்றியோ, படத்தில் குனிந்து பம்பரம் குத்திக்கொண்டிருந்த பையன் இப்போது சுங்க ஆபீசில் ரிட்டையராகிப் பேரன் பேத்தி எடுத்துவிட்டான் என்பதைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. "சூரியன முன்னால வச்சிக்கிட்டு எவன்வே படம் எடுத்தது? மூஞ்சி பூரா நிழலு. நம்ம கடையிலதான் கழுவுனோம்னு வெளிய சொல்லிராதிய," என்றார்.

படத்தை வாங்கப் போயிருந்த கித்தேரிக்கு அவர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. அவள் பார்த்தது ஒரு வாசலை. உத்தரத்தில் கயிற்றுச் சுருள்கள் தொங்கும் அந்த வாசலில் ஒரு பெண் தலை முழுகிய கூந்தலை வெயிலுக்கு விரித்துப்போட்டு முதுகைக் காட்டி நின்றாள். அது யாரென்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கித்தேரிக்கு நாலு வயசில் அவள் அம்மா மிக்கேலம்மாள் செத்துப்போனாள். தம்பி சந்தியாகு பிறந்த அதே நாளில். அம்மாவை யாரும் ஒரு படம் எடுத்து வைத்திருக்கவில்லை. முகம் எப்படி இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டபோதெல்லாம், "உன்ன மாதிரிதான் இருப்பா, போ," என்று சொல்லி வாயை அடைத்துவிட்டு, அவரும் ஒருநாள் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தாறு வயசு வரைக்கும் கித்தேரி கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் இதில் எந்த இடம் அம்மா, எந்த இடம் நான் என்று யோசித்துக்கொண்டேதான் பொட்டு வைத்திருக்கிறாள்.

படம் எடுத்த இயந்திரத்தைச் செய்தது அவள் வீட்டுக்காரர் லெயோன் மோத்தா. லாஞ்சுகளுக்கு விசிறியும் தண்டும் கடைந்துகொடுக்கிற பட்டறை அவருடையது. சென்னையில் கடலாராய்ச்சி செய்கிற ஒரு நிலையத்திலிருந்து சுகிர்தா என்ற நாகர்கோவில் பெண், இன்ஜினியர், ஒரு வரைபடச் சுருளோடு வந்து, ஆயிரம் மீட்டருக்குக் கீழே போய்த் தரையைத் தொட்ட இடத்தில் ஒரு படமும், அதே இடத்தில் ஒரு வாய் மண்ணும் எடுத்து வருகிற சாமான் ஒன்று வேண்டும் என்றாள். அதற்கு அவள் சொன்ன பெயர் வாய்க்குள் நுழையாததால் பட்டறையில் எல்லோரும் அதைச் சட்டி என்றார்கள். கனத்த வெண்கலச் சட்டி; அதற்குள் கேமரா, முன்னால் இரண்டு அங்குலக் கண்ணாடி, பக்கத்தில் பேட்டரியும் விளக்கும், கீழே மண்ணைக் கவ்வ இரும்புத் தாடை. அந்த ஆழத்தில் ஒரு கட்டைவிரல் நகத்து அளவு இடத்தில் நூறு கிலோ வந்து உட்காரும் என்று சுகிர்தா சொன்னபோது, "நம்ம வீட்டுக் கவலைய விட அதிகமாவா இருக்கப்போவுது," என்று லெயோன் சிரித்தார். பிறகு இரண்டு வருஷம் அவர் சிரிக்கவில்லை. முதல் சட்டியின் கண்ணாடி நடுவழியில் நொறுங்கி உப்பாகத் திரும்பியது. இரண்டாவது சட்டியில் ரப்பர் வளையம் கசிந்து, கேமராவுக்குள் ஒரு இறால் குஞ்சு உட்கார்ந்திருந்தது. மூன்றாவது, அலை குலுக்கின குலுக்கலில் பாதி வழியிலேயே வாயை மூடிக்கொண்டு வெறும் தண்ணீரைக் கவ்விக்கொண்டு வந்தது.

நாலாவதில்தான் லெயோனுக்கு யோசனை பிடிபட்டது. சட்டிக்குக் கீழே ஒரு முழத்தில் ஈயக்கட்டி ஒன்றைத் தொங்கவிட்டார். கட்டி தரையைத் தொட்டால் அதன் கயிறு தளரும். தளர்ந்தால் ஒரே ஒரு விசை விடுபடும். அந்த ஒரே விசையில் விளக்கு எரிந்து, படம் விழுந்து, தாடை மண்ணைக் கவ்வும். ஒரு இறக்கத்துக்கு ஒரு படம், ஒரு வாய் மண். "படத்துல தெரியுத இடமும் வாயில வாருத மண்ணும் ஒண்ணா இருக்கணும்னுதான கேட்டிய? இனி ரெண்டையும் பிரிக்க அந்த ஆண்டவராலயும் ஆவாது," என்று சுகிர்தாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

மிச்சம் இருந்தது கயிறு. எவ்வளவு விட்டோம் என்று தெரிய, மீட்டருக்கு ஒரு அடையாளம் கட்டச் சொல்லி டேப்பைக் கொடுத்துவிட்டு சுகிர்தா சென்னைக்குப் போய்விட்டாள். டேப் அப்படியே ஆணியில் தொங்கியது. அந்தக் கடற்கரையில் கயிற்றை டேப்பால் அளந்தவன் கிடையாது. இரண்டு கையையும் விரித்து, ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரைக்கும் பிடித்தால் ஒரு பாகம்; நங்கூரம் போடுகிறவனும் தூண்டில் விடுகிறவனும் அதைத்தான் நம்புவான். அதிலும் கித்தேரி கயிற்றுக்கடைக்காரர் மகள். பத்து வயசிலிருந்து கைவிரித்து அளந்தவள். ஆம்பளைப் பாகத்தை விட ஒரு சாண் குறைச்சல் என்றாலும் நூறுக்கு நூறு ஒரே அளவாக இருக்கும் என்பதால், வாங்க வருகிறவர்களே "சாதாரணப் பாகமா, கித்தேரி பாகமா?" என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். லெயோன் வேறு யாரிடம் போவார்? ஒன்பது நாள், கித்தேரி பட்டறை முற்றத்தில் நின்று அணைத்து விரித்து, அணைத்து விரித்து, பத்துப் பாகத்துக்கு ஒரு சிவப்புத் துணி கட்டிக் கயிறு முழுவதையும் அளந்து முடித்தாள். திரும்பி வந்த சுகிர்தா தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு கித்தேரியை நிற்கவைத்து, கையை விரிக்கச் சொல்லி அளந்து, ஒன்று புள்ளி ஐந்து ஆறு மீட்டர் என்று தன் நோட்டில் எழுதிப் பெருக்கிப் பார்த்தாள். கணக்கு சரியாக வந்தது. நடந்த தப்பு அவ்வளவுதான்.

தண்டல் சந்தியாகுவின் லாஞ்சில் போனார்கள்; தண்டல் என்றால் கப்பலுக்குக் கேப்டன் மாதிரி, தோணிக்கும் லாஞ்சுக்கும் அவர்தான் எல்லாம். மதியம் ஆழம் வந்ததும் சட்டியை இறக்கினார்கள். தூக்கியபோது தாடையில் சேறு வரவில்லை. காய்ந்த செம்மண் வந்தது, அதில் தேங்காய்த் தும்பும் ஆட்டுப்புழுக்கையும் ஒரு பச்சை வளையல் துண்டும் கிடந்தன. படம் கழுவி வந்த பிறகு சுகிர்தா இரண்டு நாள் சாப்பிடாமல் தாள் தாளாக எழுதிப் பார்த்தாள். சந்தியாகு அவளுக்கு டீ வாங்கிக்கொடுத்துச் சொன்னான்: "எங்க அக்கா கையால அளந்த கயிறு எங்க அக்கா தெருவுக்குத்தான் போவும். வேற எங்க போவும்மா?" தூத்துக்குடிக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு ஊருக்கு அதே வேலை. மாசிலாமணி படத்தைப் பெரிதாக்கி ஸ்டூடியோ கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிவிட்டார், "வெளிச்சத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று கீழே எழுதிப் போட்டார். மீன் விற்றுவிட்டு வருகிற பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, செத்துப்போன மாமியார் பாக்கு இடிப்பதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போதும் கால் நீட்டித்தான் உட்கார்ந்திருக்கிறாள் பார் என்று குறையும் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வீடு மச்சுவீடு என்று நாற்பது வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்த ஒரு குடும்பம், ஓலைக்கூரை தெளிவாகத் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பக்கமே நடப்பதில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு முற்றத்தில் ஆட்டுத்தலை வாட்டிக்கொண்டிருந்தார்கள். மறு ஓரத்தில் சாணை பிடிக்கிறவர் நின்றார். அவர் வெள்ளிக்கிழமை மட்டுமே அந்தத் தெருவுக்கு வருவார் என்பதால், வெள்ளிக்கிழமை கறி தின்ற பாவத்துக்கு இப்போது யார் பாவசங்கீர்த்தனம் செய்வது என்று அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் சாமியாரிடம் கேட்டார்கள். சாமியார் யோசித்து, செத்தவர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். பட்டறை வாசலில் தினமும் கூட்டம். அடுத்த தடவை சட்டியை நாலு வீடு தள்ளி இறக்க முடியுமா, எங்கள் அத்தை பகலில் பின்கட்டில்தான் இருப்பாள், கொஞ்சம் எட்டிப்பார்க்கச் சொல்லுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தாடையில் வந்த மண்ணையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஒரு பொட்டலம், ஒரு சிட்டிகை என்று கேட்டு வாங்கி, வீட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்தவர்கள் பாதி, குரோட்டன்ஸ் தொட்டியில் போட்டவர்கள் பாதி. ஒரு கிழவர் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார்.

சுகிர்தா நல்ல பிள்ளை. நிலையத்தின் அதிகாரிகள் ஒரு மாதத்தில் சட்டியைச் சோதிக்க வருகிறார்கள், அவர்களுக்குச் சேறும் சேற்றின் படமும்தான் வேண்டும், அதற்கு முன்னால் கயிற்றில் கட்டிய துணிகளை அவிழ்த்துவிட்டு டேப் அளவில் மறுபடி கட்டியாகவேண்டும் என்று கித்தேரியிடம் தனியாகச் சொன்னாள். "அதுவரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை நீங்க இறக்குங்க அக்கா. மூணு சனி இருக்கு. நான் எதுவும் கேட்க மாட்டேன்," என்றாள். மூன்று சனி என்றால் மூன்று படம். மூன்றில் ஒன்றிலாவது அம்மா திரும்பமாட்டாளா என்று கித்தேரி மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தாள்.

முதல் சனிக்கிழமைப் படத்தில் அம்மாவின் கை மட்டும் விழுந்தது. கதவுக்கு அப்பாலிருந்து அரிசி புடைக்கிற சுளகை நீட்டுகிற கை, முழங்கை வரைக்கும். வாசலில் ஒரு குழி இருந்தது. சட்டி முந்தின தடவை கவ்விய இடம்தான் அது என்று சுகிர்தா கண்டுபிடித்துச் சொன்னதும் பட்டறையில் எல்லோரும் அவளை ஒருமாதிரி பார்த்தார்கள். கயிற்றுக்காரர் தெருக் குழி யாருக்குத் தெரியாது? அதற்குள் விழுந்து எழாதவன் உண்டா? சுங்க ஆபீஸ்காரர் தன் பம்பரம் அதற்குள் விழுந்து தொலைந்த கதையை அன்றைக்கே இரண்டு தடவை சொன்னார். முதல் படத்தில் குழி இல்லையே என்று சுகிர்தா காட்டியபோது, அது குழி விழுவதற்கு முன்னால் எடுத்ததாக இருக்கும் என்றார்கள். ஒருவகையில் அவர்கள் சொன்னது சரிதான். அந்தத் தெருவின் நினைவு அவளுக்குக் கிடையாது என்பதால் அவளுடைய நினைவை மட்டும் அந்தக் குழி மாற்றவில்லை. எடுத்த படங்களையும் அவள் நோட்டில் எழுதியதையும்கூட அது மாற்றவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை சட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தபோது சுகிர்தா கேட்டாள்: "அக்கா, உங்க இடது கைக்கு என்ன ஆச்சு?"

கித்தேரி கையைப் பார்த்தாள். முழங்கையில் எப்போதும் இருக்கிற கோணல்தான். "இன்னைக்குத்தான் பாக்குதியளாக்கும்? அது சின்னப்பிள்ளையில குழியில விழுந்து ஒடிஞ்சது."

"பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு நானே கேட்டேன்," என்று லெயோன் கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னார். "கயிறு அளக்குதவளுக்குக் கை கோணலா இருந்தா வாங்குதவனுக்கு நட்டமாச்சேன்னு. அன்னைக்கு முறைச்சா பாருங்க ஒரு முறை, இன்னைக்கு வரைக்கும் அது இறங்கல."

சுகிர்தா சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து, கித்தேரியைக் கை விரிக்கச் சொல்லி அளந்தாள். ஒன்று புள்ளி நாலு எட்டு. நோட்டில் ஒன்று புள்ளி ஐந்து ஆறு. கயிற்றின் சிவப்புத் துணிகளை எண்ணினாள். எழுநூற்றுப் பத்துப் பாகம் என்று எழுதிய கயிறு எழுநூற்று நாற்பத்தெட்டாக ஆகியிருந்தது. கித்தேரிக்கு எழுதப் படிக்கத் தெரியும், அளவு அதைவிட நன்றாகத் தெரியும். தன் கையால் அளந்த அளவை ஒன்பது நாளும் சரிபார்த்தவள் அவள். அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டு லாஞ்சின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைய படத்தில் குழி ஆள் முழங்கால் ஆழம் இருந்தது. அம்மா தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள், முதுகு இந்தப் பக்கம். அவள் தோளில் ஒரு பிள்ளை, ஒரு கை துணி மாதிரித் தொங்க, இந்தப் பக்கம் முகத்தைக் காட்டி அழுதுகொண்டிருந்தது. அந்தப் பிள்ளையைத்தான் கித்தேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏனென்றால் அந்த ஓட்டம் அவளுக்கு நினைவிருந்தது. எலும்பு கட்டுகிறவர் வீடு வரைக்கும் அம்மா ஓடியது, தோளில் தன் தாடை இடித்துக்கொண்டே போனது, அம்மாவின் கழுத்தில் வியர்வையும் தும்பும் கலந்த வாசம், "இந்தா வந்துட்டு, இந்தா வந்துட்டு" என்று அந்தத் தோளுக்குள்ளிருந்து குரல் வந்தது, எல்லாம் நினைவிருந்தது. அம்மாவைப் பற்றி அவளிடம் இருந்த ஒரே நினைவு அது. போன வாரம் வரைக்கும் அதுவும் இருந்ததில்லை என்று நோட்டு சொன்னது. கை ஒடிந்து கிடைத்த அம்மா. கித்தேரி அந்தக் கோணல் முழங்கையை மறு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையையும் ஒடித்துக்கொள்ள வேண்டுமென்றாலும் சம்மதம்தான் என்று நினைத்தாள்.

மூன்றாவது சனிக்கு அவள் எண்ணிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான், பழைய தெருவில் பக்கத்து வீட்டில் இருந்த ஞானப்பூ மாமி வந்தாள். மாமிக்குக் காது சுத்தமாக அவிந்துபோய் ஆறு வருஷம். பேசுகிறவர்கள் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, சொல்லாததையும் சேர்த்துத் தெரிந்துகொள்வாள். படத்தைப் பார்த்ததும், "இந்தக் குழியா? இதுல உங்கம்மாவும் ஒருநா விழத் தெரிஞ்சாளே," என்றாள். "சந்தியாகு வயித்துல இருக்கான், எட்டாம் மாசம். குழி ஓரத்துல கால் வழுக்கி, நல்லவேளை சுவரப் புடிச்சி நின்னுட்டா. இன்னும் ரெண்டு சாண் அகலம் இருந்திருந்தா புடிக்க சுவர் எட்டியிருக்காது. பிள்ளையும் இல்ல, பெத்தவளும் இல்ல."

இன்னும் ஒரு வாய் மண் அள்ளினால் குழி எவ்வளவு அகலும் என்று கேட்க ஆள் தேவையில்லை. பட்டறையில் லெயோன் கடைசலை நிறுத்தினார். சந்தியாகு மட்டும் பீடியை அணைத்துவிட்டு, "இறக்குவோம்க்கா," என்றான்.

"என்னல பேசுத?"

"அக்கா, உனக்காவது அந்தத் தோளு கிடைச்சிட்டு. நான் பொறந்த அன்னைக்கு அவ போயிட்டா. நாற்பத்திரெண்டு வருஷமா ஊர்ல எந்தப் பொம்பளையப் பார்த்தாலும் இவள மாதிரி இருந்திருப்பாளோன்னு பாக்குதேன். ஒருதரம் முகத்தப் பார்த்துட்டா, நான் இல்லாமப் போனாலும் போறேன். இல்லாமப் போனவனுக்கு வருத்தம் ஏது?"

"நீ இல்லாமப் போனா, பார்த்தது யாருல? எனக்கு ஒரு தம்பி இருந்தான்னு எனக்கே தெரியாது. நான் யாரப் புடிச்சி அழ?" கித்தேரி அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். அப்புறம் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் பிறந்த அன்றிலிருந்து அவளுக்கு அம்மா கிடையாது, அதே அன்றிலிருந்து அவன்தான் இருக்கிறான்.

வியாழக்கிழமை அவள் லெயோனிடம் போய்க் கேட்டாள்: "இந்தா பாருங்க, அள்ளுத வாயக் கொட்டுத வாயா மாத்த முடியுமா?"

லெயோனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தாடைக்குள் மண்ணை நிரப்பி மூடி இறக்குவது. ஈயக்கட்டி தரையைத் தொட்டதும் அந்த ஒரே விசை தாடையை மூடுவதற்குப் பதிலாகத் திறந்துவிடுவது. எடுத்ததைத் திருப்பிப் போட்டுவிடுவது. "வில்லக் கழத்தித் திருப்பி மாட்டணும், அவ்வளவுதான். முதல்ல வாய் தொறக்கும், பொறவுதான் படம் விழும்," என்றார். "ஆனா எளா, குழி இல்லாமப் போனா நீ விழமாட்ட. நீ விழலேன்னா..."

"தெரியும்," என்றாள் கித்தேரி.

மண்ணைத் திரும்பச் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மூன்று தடவையும் வந்த மண் ஒன்பது கிலோ நானூறு கிராம் என்று சுகிர்தாவின் நோட்டில் இருந்தது. அவள் சீசாக்களில் அடைத்து வைத்திருந்தது நாலு கிலோகூட இல்லை. கித்தேரி வீடு வீடாகப் போனாள். சுரூபத்துக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் சிலுவை போட்டுவிட்டுக் கொடுத்தார்கள். தொட்டியில் போட்டவர்கள் குரோட்டன்ஸைப் பிடுங்கி உதறிக் கொடுத்தார்கள். கிழவர் தலையணையைப் பிரிக்கவிடாமல் ஒரு நாள் முழுக்கப் பிடிவாதம் பிடித்து, கடைசியில் தானே பிரித்து, ஒரு துகள் விடாமல் தட்டிக்கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். யாருக்கும் வெறுங்கையாகத் தர மனசில்லை. நம்ம வாசல் மண்ணும் கொஞ்சம் அந்தத் தெருவில் கிடக்கட்டுமே என்று ஆளுக்கொரு பிடி கூடச் சேர்த்தார்கள். எடை போட்டபோது பதிமூன்று கிலோ இருந்தது. எது அந்த மண், எது இந்த மண் என்று பிரிக்க வழியில்லாததால் லெயோன் பெருமூச்சு விட்டுக்கொண்டே தாடைக்கு இரண்டு பக்கமும் தகடு வைத்துப் பெரிதாக்கினார்.

சனிக்கிழமை சட்டியைத் தண்ணீரில் விடுவதற்கு முன்னால் கித்தேரி சுகிர்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "எழுதிக்கிடும்மா. நான் சொல்லச் சொல்ல எழுது." தோளில் தாடை இடித்தது, வியர்வையும் தும்பும் கலந்த வாசம், இந்தா வந்துட்டு இந்தா வந்துட்டு என்ற குரல், அம்மாவின் காதுக்குப் பின்னால் தெரிந்த ஒரு மச்சம், எலும்பு கட்டுகிறவர் கையைத் திருகும்போது அம்மா தன் கண்ணைப் பொத்திய உள்ளங்கை. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து, அந்த உள்ளங்கை இருந்த இடத்தைத் தன் கண்ணின் மேல் ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ம், விடுங்க," என்றாள்.

கயிறு போய்க்கொண்டே இருந்தது. சிவப்புத் துணிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. எழுநூற்று நாற்பத்தெட்டாவது பாகத்தில் கயிறு தளர்ந்தது. தூக்கும்போது எண்ணினால் எழுநூற்றுப் பத்துதான் இருந்தது. சுகிர்தாவைத் தவிர யாருக்கும் அதில் அதிசயம் இல்லை, கயிறு எப்போதும் எழுநூற்றுப் பத்துதான். கித்தேரி நிமிர்ந்து இரண்டு கையையும் விரித்துச் சோம்பல் முறித்தாள். இரண்டும் கோடு பிடித்தாற்போல நேராக இருந்தன. சுகிர்தா நோட்டைத் திறந்து, எழுதியதை மெல்ல வாசித்துக் காட்டினாள். கித்தேரி கடைசிவரைக்கும் கவனமாகக் கேட்டாள். "பாவம், யாரோ பெத்த பிள்ள," என்று சொல்லிவிட்டு, சுகிர்தா ஏன் அழுகிறாள் என்று புரியாமல் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். அப்புறம் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரும்படி கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். தன் பெயர் அதில் எழுதியிருந்ததே.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து கயிற்றின் சிவப்புத் துணிகளையெல்லாம் அவிழ்த்தார்கள். பட்டறை மொத்தமும் கைகொடுக்க, விடிய விடிய டேப்பைப் பிடித்து மீட்டருக்கு ஒரு நீலத் துணி கட்டினாள் கித்தேரி. லெயோன் வில்லைப் பழையபடி மாட்டினார். திங்கட்கிழமை நிலையத்திலிருந்து மூன்று அதிகாரிகள் வந்து லாஞ்சில் வாந்தி எடுத்துக்கொண்டே ஆயிரத்து நூறு மீட்டரில் சட்டியை இறக்கினார்கள். வாய் நிறையச் சாம்பல் நிறச் சேறு வந்தது, வெண்ணெய் மாதிரி வழவழவென்று. மறுநாள் கழுவிய படத்தில் அதே சேறு, அதன் மேல் ஒரு புழு ஊர்ந்த தடம், ஓரத்தில் ஐந்து கை நீட்டிப் படுத்திருந்த ஒரு பிராணி. அதிகாரிகளுக்கு வாயெல்லாம் பல்லு. லெயோன் மோத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சுகிர்தா அந்தச் சேற்றுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் அவள் கனவு கண்டது அந்தப் படம்தான், அழகாகவும்தான் இருந்தது. சட்டியைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்து லாரியில் ஏற்றினார்கள்.

லாரி போன பிறகுதான் மாசிலாமணி பட்டறைக்கு வந்தார். சேற்றுப் படத்தைக் கழுவுகிற அவசரத்தில் சனிக்கிழமைச் சுருளை மறந்துவிட்டாராம். "இதுலயும் வெளிச்சம் சரியில்லதான்," என்று தொடங்கியவர் மேற்கொண்டு குறை சொல்லாமல் படத்தைச் சந்தியாகுவிடம் நீட்டினார். சந்தியாகு பார்த்தான். உட்கார ஏதாவது இருக்கிறதா என்று கையால் பின்னால் துழாவி, கடைசல் எந்திரத்தின் படியில் உட்கார்ந்தான்.

"யக்கா, நம்ம ரெண்டு பேரு மாதிரியும் இல்லையே," என்றான்.

இல்லவே இல்லை. அப்பா சொன்னது பச்சைப் பொய். இருபத்திமூன்று வயசு இருக்கும்; அங்கிருந்த எல்லோரையும் விடச் சின்னவள். அம்மைத் தழும்பு விழுந்த அகன்ற முகம், ஒரு புருவம் மேலே ஏறியிருந்தது, மூக்குத்தி இல்லாத சப்பை மூக்கு. வயிறு மேடிட்டு இருந்தது, அதற்குள் சந்தியாகு இருந்தான். கையில் விளக்குமாறு. அப்போதுதான் பெருக்கி முடித்த வாசலில் விளக்குமாற்றுக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன, குழி இருந்த சுவடே இல்லை. அந்தக் கோடுகளுக்கு நட்ட நடுவில், வானத்திலிருந்து விழுந்த மாதிரி ஒரு கூடை மண் குவிந்து கிடந்தது. மிக்கேலம்மாள் அண்ணாந்து, நேராக இந்தப் பக்கமே பார்த்து, வாயைத் திறந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னவோ சொல்லுதாவளே," என்றார் லெயோன்.

ஞானப்பூ மாமியைக் கூட்டிவந்தார்கள். மாமி படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, அந்த உதட்டை உற்றுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் பொக்கை வாய் விரிந்தது. "ஏசுதா," என்றாள். "நல்லா ஏசுதா. எவ அவ, பெருக்குன வாசல்ல மண்ணக் கொண்டாந்து கொட்டுததுன்னு கேக்கா."

கித்தேரி படத்தை வாங்கி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள். வளர்த்த சித்தி ஏசியிருக்கிறாள், மாமியார் ஏசியிருக்கிறாள், கயிறு வாங்க வந்தவர்கள் ஏசியிருக்கிறார்கள். பிறந்த நாளிலிருந்து அம்மா ஏசிக் கேட்டதாக அவளுக்கு நினைவே இல்லை. ஏறியிருந்த அந்தப் புருவத்தைப் பார்த்துக்கொண்டே, கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமல், மாட்டிக்கொண்ட பிள்ளையின் குரலில் பதில் சொன்னாள்.

"நாந்தாம்மா."